6ஜி: ஏலத்துக்கு முன் குழி

ஆசிரியருக்கு வணக்கம்.

6ஜி குறித்த தங்கள் தலையங்கம் அலைக்கற்றை ஏலத்தைப் பற்றியே அதிகம் பேசியது. ஏலம் நமக்குப் பழகிய வேலை. 2022இல் 5ஜி ஏலத்தை ஏழே நாளில் முடித்து, சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு விற்றோம். சிக்கல் டவரின் காலடியில் இருக்கிறது.

ஃபைபர் கேபிள் எட்டிய டவர்களை 30 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக்குவோம் என்று 2019 டிசம்பரில் தொடங்கிய தேசிய பிராட்பேண்ட் திட்டம் சொன்னது. கெடு 2024, எட்டவில்லை. 100 மெகாஹெர்ட்ஸ் கொண்ட 5ஜி செக்டார் (டவரின் ஒரு திசைக்கான ஆன்டெனா பகுதி) ஒன்றே நொடிக்கு ஒரு கிகாபிட்டைத் தாண்டக்கூடியது. ஃபைபர் இல்லாத டவரில் அதைச் சுமப்பது டவருக்கு டவர் கம்பியின்றித் தரவு கடத்தும் பழைய 15 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் தட்டு. 28 மெகாஹெர்ட்ஸ் சேனலில் அதற்கு நொடிக்கு 200 மெகாபிட், அதாவது கிகாபிட்டில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் முடியும். போனில் 5ஜி என்று காட்டும், வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னும் உயர்ந்த அலைவெண்ணில் இயங்கும் ஈ-பேண்ட் ரேடியோவுக்கு வேகம் உண்டு. கனமழையில் சில கிலோமீட்டர் கூடத் தாங்காது.

6ஜிக்காக, எந்த அலைவரிசை எதற்கு என்று நாடுகள் முடிவுசெய்யும் 2027 உலக வானொலி மாநாட்டில் பரிசீலிக்கப்படுபவற்றில் 7.125 முதல் 8.4 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையும் ஒன்று. இன்றைய 5ஜியின் 3.3 கிகாஹெர்ட்ஸைவிட இரு மடங்குக்கு மேல். அலைவெண் இரட்டித்தால் திறந்தவெளியிலேயே 6 டெசிபல் இழப்பு கூடும், அதாவது கால்பங்கு சக்திதான் மிஞ்சும். ஆன்டெனா உறுப்புகளைக் கூட்டி அதை ஈடுகட்டலாம். கான்கிரீட் சுவரைத் துளைக்க அந்தத் தந்திரம் போதாது. தெருவிளக்குக் கம்பம்தோறும் சிறு செல் (குட்டி டவர்) வைக்க வேண்டிவரும். ஒவ்வொன்றுக்கும் ஃபைபரும் மின்சாரமும் தேவை.

போட்ட ஃபைபரும் நிலைப்பதில்லை. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டும் ஜேசிபி ஒரே இழுப்பில் 48 இழைகளை அறுத்துவிடும். இழைக்குள் ஒளியை அனுப்பி அறுந்த தூரத்தை அளக்கும் ஓடிடிஆர் கருவி ‘4.2 கிலோமீட்டரில் அறுந்துள்ளது’ என்று காட்டும். அது கேபிளின் நீளம், சாலையின் நீளமல்ல. வழியில் கேபிளை இணைக்கும் குழிதோறும் பத்துப் பதினைந்து மீட்டர் உபரிச் சுருள் கிடக்கிறது. எந்தக் குழியில் எவ்வளவு என்ற குறிப்பு இல்லாவிட்டால், பழுதுபார்க்கப் போனவர் அறுந்த இடத்தைத் தாண்டிப்போய் நல்ல சாலையைத் தோண்டுவார். ஜேசிபி இப்படிக் கேபிளை அறுப்பதைத் தடுக்கத்தான், தோண்டும் முன் கேபிள் உரிமையாளருக்குத் தெரிவிக்கும் ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலி வந்தது. 2023 மார்ச் 22 அன்று, அரசின் 6ஜி தொலைநோக்கு ஆவணம் வெளியான அதே மேடையில்! ஆவணத்துக்குக் கிடைத்த பேச்சில் பாதிகூடச் செயலிக்குக் கிடைக்கவில்லை.

எனவே, சாலை ஒப்பந்தத்திலேயே இரண்டு 40 மி.மீ. எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) குழாய்களை, ஒன்றைக் காலியாக விட்டு, பதிக்கச் சொல்ல வேண்டும். குழியின் இடம், ஆழம், சுருளின் நீளம் மூன்றையும் மத்திய அரசின் உள்கட்டமைப்பு வரைபடமான கதிசக்தியில் ஏற்றிய பிறகே ஒப்பந்ததாரரின் கடைசித் தவணை பில்லை விடுவிக்க வேண்டும். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. டெண்டர் படிவத்தில் இரண்டு வரி போதும்.

— தொலைத்தொடர்புப் பொறியாளர், திருச்சி