டொமிக்கு பிஸ்கட் செய்யும் விதம்

அன்பு மகளுக்கு,

டொமிக்கு பிஸ்கட் எப்படிச் செய்வது என்று நீ அனுப்பிய மெசேஜை அம்மா வாசித்துக் காட்டினாள். போனில் சொன்னால் பாதி விளங்காது. அதோடு இப்போதெல்லாம் நீ போனைச் சீக்கிரமாக வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

ஆட்டா மா இரண்டரைக் கோப்பை எடு. அவித்து மசித்த பூசணி அரைக் கோப்பை, முட்டை 2, வறுத்து அரைத்த கச்சான் 2 மேசைக்கரண்டி. உப்பு, சீனி, மாஜரின் எதுவும் வேண்டாம். பேக்கிங் பவுடரும் தேவையில்லை, நாய்க்குக் கொடுப்பது பொங்கி வரவேண்டும் என்றில்லை. பூசணியின் ஈரத்திலேயே மா சேர்ந்துவிடும். சேராவிட்டால் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விடு, ஊற்றிவிடாதே. அரை அங்குலத்துக்கும் குறைவான கனத்தில் தேய்த்து, டொமியின் வாய்க்கு அளவாகச் சின்னச் சின்னதாக வெட்டு. ஓவனை முதலே 175 டிகிரியில் சூடாக்கி, 30 நிமிடம் வை. பிறகு நிறுத்திவிட்டு உள்ளேயே விட்டுவிடு. பேக்கரியில் நாங்கள் ரஸ்க்கை போறணையின் மீதிச் சூட்டில் காயவைப்போமே, அதே மாதிரிதான். ஈரம் போனால்தான் கடுக்கென்று வரும், பூஞ்சணம் பிடிக்காது. கொழும்புச் சூட்டில் வெளியே வைக்காதே. பிரிஜ்ஜில் வைத்து ஒரு கிழமைக்குள் முடித்துவிடு.

கச்சான் அரைக்க நேரமில்லாமல் கடையில் பீநட் பட்டர் வாங்கினால், போத்தலில் எழுதியிருப்பதை வாசி. சீனிக்குப் பதிலாக சைலிட்டோல் சேர்த்ததென்றால் தொடவே தொடாதே. நமக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கு இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கிவிடும், ஈரலும் கெட்டுப்போகும். கேக் காலம் வேறு வருகிறது. கேக்குக்கு வாங்கும் பிளம்ஸ், அதுதான் அந்தக் காய்ந்த திராட்சை, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சொக்லேட் கூடாது. வெங்காயம், வெள்ளைப்பூடு கூடாது, தூளாகக்கூடக் கூடாது. ஈஸ்ட் போட்ட பச்சை மாவை மேசையில் விட்டுவிட்டுப் போகாதே, தின்றால் வயிற்றுக்குள் போய்ப் பொங்கும். பிளம்ஸ் விஷயத்தை மறந்துவிடாதே.

இன்னொன்று. நாய் கேட்கிறதே என்று அள்ளிப் போடாதே. ஒரு நாளைக்கு அது தின்பதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படியான தீனி போகக் கூடாது. மிச்சம் ஒழுங்கான சாப்பாடாக இருக்க வேண்டும். நீயும் அப்படித்தான். பாணும் பிளேன்டீயும் ராத்திரிச் சாப்பாடு இல்லை. போட்டோவில் உன் மணிக்கட்டு எலும்பு தெரிகிறது. சோறு ஆக்கு. ஒரு ஆளுக்கு என்றாலும் ஆக்கு.

ஒரு ஆள் என்று எழுதிவிட்டேன். அம்மா அதை அடித்துவிடச் சொல்கிறாள். நான் அடிக்கவில்லை.

டொமி மாப்பிள்ளையின் கதிரையில் ஏறிப் படுத்திருக்கிற படத்தை அனுப்பியிருந்தாய். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதிரையில் அதை ஏற அவர் விடமாட்டாரே.

நம் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து முதன்முதலாகக் கெம்பஸுக்குப் போனவள் நீ. "இனி விறகுப் புகை வேண்டாம் அப்பா" என்று முதல் சம்பளத்தில் இந்த ஓவனை வாங்கித் தந்தாய். இப்போதும் வருகிறவர்களுக்கெல்லாம் இதைத்தான் காட்டுகிறேன். அப்படிப்பட்டவள் தீபாவளிக்கு வராமல், லீவு இல்லை என்று ஒரு வரி அனுப்புகிறாய். நாயைப் பற்றி எழுத உனக்கு நேரம் இருக்கிறது. கொட்டகலை சித்தி கேட்டாள். அவர்களுக்கு வேலை அதிகம் என்றேன். அவர்களுக்கு என்றுதான் சொன்னேன்.

இங்கே மழை. அம்மாவின் கால் வலி பரவாயில்லை. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

ஹட்டன் பஸ்ஸில் ஒரு பார்சல் போட்டுவிடுகிறேன். டின்னில் இருப்பது டொமிக்கு. மேலே மாலு பாண் இருக்கிறது, மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே என்று இரண்டு பேருக்கு அளவாகக் கட்டியிருக்கிறேன். அது கூடிப்போனால், கூடிப்போனது என்று மட்டும் சொல்லு. காரணம் கேட்கமாட்டேன். அம்மாவையும் கேட்கவிடமாட்டேன்.

வருவதென்றால் டொமியையும் கூட்டி வா. நாயைப் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், சித்தப்பாவின் வேனைக் கொண்டு நானே வருகிறேன். மேல் லயத்தில் போன மாதம் ஒரு நாயைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது, அதனால் ராத்திரியில் அது உன்னோடு முன் அறையில்தான் படுக்க வேண்டும். அறையை ஒதுக்கி வைத்திருக்கிறோம். எந்த நாள் என்று சொன்னால் போதும்.

அன்புடன்,
அப்பா