எழுவான்கரையிலிருந்து ஒரு கடிதம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் பள்ளி விடுமுறைக்கு நோர்வேயிலிருந்து வந்து, மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா பார்த்து, இரண்டு கிழமை நிற்கப் போகிறாய் என்றதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வரட்டும், இறால் வாங்கிக் காய்ச்சுவம்" என்றா. கண் கொஞ்சம் மங்கல். மற்றப்படி சுகமாக இருக்கிறா.

புதுக் கமரா வாங்கிவிட்டாய், ஊரை எங்கே நின்று எடுப்பது என்று கேட்டிருந்தாய். அதற்கான விடையை நம் ஆட்கள் எப்போதோ பெயராக வைத்துவிட்டார்கள், மச்சான். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. பிறந்த நாளிலிருந்து வாயில் கிடக்கும் சொற்கள். வெயில் எழும் கரை, வெயில் படும் கரை என்று அவற்றின் பொருள் எனக்கு உறைத்தது கமரா தூக்கிய பிறகுதான். பின்னேரம் எழுவான்கரையில் நின்று படுவானைப் பார்க்க வேண்டும். விடியலில் படுவான்கரைக்குப் போய் எழுவானைப் பார்க்க வேண்டும். எட்டு வருடமாக அலைந்து நான் கண்டது இவ்வளவுதான்.

விடியல் என்றால் எல்லாரும் கல்லடிக் கடற்கரைக்குத்தான் போவார்கள். போகலாம், கரைவலை இழுக்கும் நாள் என்றால் கட்டாயம் போக வேண்டும். ஆனால் ஆளில்லாத நாளில் கடலும் சூரியனும் மட்டும் இருக்கும் படம் எந்த ஊர்ப் படமாகவும் இருக்கலாம். மண்முனைத் துறை அப்படியில்லை. கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போகும்போது, 'பாதை' என்போமே, அக்கரைக்கு ஏற்றிப்போகும் அந்த மிதவை வரும்வரை காத்து நிற்போமே, அதே இடம். 2014இல் பாலம் திறந்தபின் அந்தப் பாதை இல்லை. பாலத்தைக் கடந்து படுவான்கரைப் பக்கம் இறங்கி, கிழக்கே பார்த்து நில். எதிர்க்கரையில் தென்னைகள் கறுப்பாக வரிசை கட்டி நிற்கும். அவற்றின் பின்னால் முதலில் சாம்பல், பிறகு மாதுளை முத்தின் நிறம். வெயில் எழும்போது மேலே ஒன்று, தண்ணீரில் ஒன்றாக இரண்டு சூரியன். நடுவில் ஒரு தோணி.

அங்கேதான் எனக்கு முதல் நல்ல படம் கிடைத்தது. தோணியில் ஒருவர் நின்று வீச்சு வலை எறிகிறார், வலை காற்றில் பூவாக விரிந்து நிற்கிறது, அதன் ஓரமெல்லாம் நீர்த்துளி பொன்னாக மின்னுகிறது. அச்செடுத்துக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். கன நேரம் பார்த்துவிட்டு, "வலை முழுசா விரியல்லயே தம்பி, இது பிழைச்ச வீச்சு. நாளைக்கு வாங்க, வடிவா எறிஞ்சு காட்டுறன்" என்றார். அடுத்த நாள் போனேன். உடம்பை எப்படித் திருப்புகிறார், எந்தக் கணத்தில் கைவிடுகிறார் என்று முதலில் கமரா இல்லாமல் பார்த்தேன். வலை வட்டமாகி, தண்ணீரைத் தொடுமுன் ஒரு நொடி நிற்பதுபோல் தோன்றும். அதைப் பிடிக்க ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும். ஆளை எடுப்பதானால் கேட்டுவிட்டு எடு, எடுத்ததைக் காட்டு. அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

நேரத்தில் ஏமாந்து விடாதே. அங்கே கோடையில் அந்தி வெளிச்சம் போகவே போகாது என்று எழுதுவாயே, இங்கே சூரியன் ஏறக்குறைய நேரே இறங்கும். இறங்கி இருபது நிமிடம், அதற்குள் இருட்டிவிடும். ஆடியில் ஆறு மணிக்குச் சற்று முன் வெயில் எழும், ஆறரைக்குக் கிட்டப் படும். அதோடு அது மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலம். காற்று எழும்பிவிட்டால் வாவி முழுவதும் நெளிநெளியாகிவிடும். கண்ணாடித் தண்ணீர் வேண்டுமென்றால் விடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

பின்னேரத்துக்குக் கல்லடிப் பழைய பாலம். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்தபின் இதில் ஆறுதலாக நிற்கலாம். சூரியன் மறைந்ததும் சனம் கலைந்துவிடும். நீ கலையாதே. வானம் நீலமாகி, கரை விளக்குகள் மஞ்சளாகத் தண்ணீரில் நீளும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் இந்த ஊரின் அழகு. முக்காலி வைத்தால் மோட்டார் சைக்கிள் போகும் அதிர்வு அடங்கும்வரை பொறு.

புளியந்தீவுக் கோட்டையை உள்ளே போய் எடுப்பதைவிட எதிர்க்கரையிலிருந்து தண்ணீரோடு சேர்த்து எடுப்பது நல்லது. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தரிடம் போன கோட்டை, தண்ணீர் இல்லாமல் அதற்குப் பொருளே இல்லை. பாலமீன்மடு வெளிச்சவீடு 1913ஆம் ஆண்டுக் கட்டடம். வெள்ளைச் சுவர் என்பதால் உச்சி வெயிலில் வெளிறிப்போகும், நாலரைக்குப் பிறகு போ. பாசிக்குடாவுக்குப் பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டிக்கொண்டு போவோம்.

இனி ஒரு வருத்தம். மாமாங்கத் தீர்த்தம் ஆடி அமாவாசையில். நீ இரண்டு கிழமையில் திரும்பினால் நிலவு முழுசாவதற்குள் போய்விடுவாய். இன்னும் மூன்று நாள் தள்ளிப் போட முடியுமா? பௌர்ணமிக்கு முதல் நாள்தான் எனக்கு வேண்டும். அன்று மேற்கே சூரியன் படுமுன்னே கிழக்கே நிலா ஏறிவிடும். வெளிச்சம் மிச்சமிருப்பதால் நிலாவும் தென்னையும் ஒரே படத்தில் ஒழுங்காக விழும். அடுத்த இரவு தோணி எடுத்துக் கல்லடிப் பாலத்தடிக்குப் போவோம், நிலவில் வாவி மீன் பாடும் என்பார்களே. துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து, மீன் பாடுகிறதா என்று உன் மகள் கேட்கட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. ஏசி அறையில் படுத்தால் கமராவை இரவே வெளியே எடுத்து வை. போன வருடம் குளிரிலிருந்து நேரே கடற்கரைக்குக் கொண்டுபோனேன். லென்ஸில் ஆவி படிந்து, துடைக்கத் துடைக்கப் படிந்து, அது தெளியும்போது சூரியன் ஒரு பனை உயரத்துக்கு ஏறிவிட்டது.

வந்த மறுநாளே மண்முனைக்குப் போவோம். நாலரைக்கு உன் வாசலில் நிற்பேன். தேத்தண்ணிப் போத்தல் என் பொறுப்பு. தோணிக்காரரிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்