கேரட்டுக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தட்டில் வானவில் போலப் பல நிறக் காய்கறிகள் இருந்தால் வைட்டமின் ஏ கிடைக்கும், கண்ணுக்கு நல்லது என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். காய்கறி சாப்பிடச் சொல்வதில் எங்களுக்குக் கருத்து வேறுபாடு எதுவும் இல்லை. ஆனால் அதே பக்கத்தில் பெட்டி கட்டிப் போட்டிருந்த 'எண்ணெயில்லா கேரட் சாலட்' செய்முறை, கட்டுரை சொன்ன பலனில் பெரும்பகுதியைக் கெடுத்துவிடுகிறது. கூடவே வந்த படத்தில் கேரட், பீட்ரூட், ஊதா முட்டைக்கோஸ், சிவப்பும் மஞ்சளுமாகக் குடைமிளகாய் எல்லாம் இருந்தன. கீரை மட்டும் இல்லை. இந்த இரண்டைப் பற்றியும் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கேரட்டின் ஆரஞ்சு, தக்காளியின் சிவப்பு போன்ற நிறங்களைத் தரும் கரோட்டினாய்டுகள் கொழுப்பில் கரையும் நிறமிகள். அவற்றில் பீட்டா கரோட்டின் என்பதை உடம்பு வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்கிறது. இதற்கு ஆய்வகம் தேவையில்லை, அடுப்படியிலேயே பார்த்துவிடலாம். கேரட் துண்டுகளைத் தண்ணீரில் வேகவைத்தால் தண்ணீரில் அவ்வளவாக நிறம் ஏறாது. அதையே துருவி எண்ணெயில் வதக்கினால் இரண்டு மூன்று நிமிடத்தில் எண்ணெய் ஆரஞ்சாகிவிடும். தக்காளித் தொக்கில் மேலே பிரிந்து நிற்கும் எண்ணெய் சிவந்திருப்பதும் இதனால்தான். தொக்கு வைத்த பிளாஸ்டிக் டப்பாவை என்ன தேய்த்தாலும் சிவப்பு போகாததற்கும் இதுதான் காரணம். பீட்ரூட் அப்படியல்ல. நறுக்கிக் கழுவிய தண்ணீரே சிவந்துவிடும். அதன் நிறமி பீட்டாலைன், நீரில் கரைவது. ஊதா முட்டைக்கோஸ், கத்தரிக்காய்த் தோல், நாவல்பழம் ஆகியவற்றில் இருப்பது ஆந்தோசயனின். மஞ்சள்தூளின் நிறம் குர்க்குமின். இவையும் நல்ல பொருள்கள்தான், ஆனால் கரோட்டினாய்டு அல்ல. 'ரத்தச் சிவப்பாக இருக்கிறது, கண்ணுக்கு நல்லது' என்று பீட்ரூட்டை வாங்கினால் வைட்டமின் ஏ கணக்கில் அநேகமாக ஒன்றுமே சேராது.

நிறத்தைப் பார்த்து வாங்கச் சொல்வதில் உள்ள பெரிய பள்ளம் கீரை. இலையிலும் ஆரஞ்சும் மஞ்சளும் நிறையவே இருக்கின்றன, பச்சையம் அவற்றை மூடியிருக்கிறது, அவ்வளவுதான். முருங்கைக் கொத்தை இரண்டு மூன்று நாள் வைத்திருந்தால் இலை பழுத்து மஞ்சளாகிறதே, அது புதிதாக வந்த நிறமன்று. பச்சையம் சிதைந்ததும் அடியில் இருந்தது வெளியே தெரிகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையின்படி 100 கிராம் ஆரஞ்சுக் கேரட்டில் பீட்டா கரோட்டின் 5 மில்லிகிராமுக்குச் சற்று மேல். அதே எடை முருங்கைக்கீரையில் 17 மில்லிகிராமுக்கு மேல். கொல்லையில் நிற்கிற மரத்தை விட்டுவிட்டு, விலை கேட்டாலே மலைக்கவைக்கும் மஞ்சள் குடைமிளகாயைத் தேடிப் போகவைக்கிறது 'வானவில் தட்டு' என்ற பேச்சு.

இனி, உடம்புக்குள் நடப்பது. கேரட்டில் கரோட்டின் சிறு சிறு படிகங்களாகச் செல் சுவருக்குள் அடைபட்டிருக்கிறது. கீரையில் பச்சையத்தோடு சேர்ந்து புரதத்தில் பிணைந்திருக்கிறது. நறுக்குவது, துருவுவது, வேகவைப்பது, மெல்லுவது எல்லாமே அந்தச் சுவரை உடைக்கும் வேலை. உடைந்து வெளியே வந்தாலும் குடல் நீரில் அது கரையாது. சாப்பாட்டில் கொழுப்பு இருந்தால்தான் பித்தநீர் போதிய அளவில் சுரந்து, நுண்ணிய கொழுப்புத் துளிகளுக்குள் கரோட்டினை ஏற்றிக் குடல் சுவருக்குக் கொண்டுபோகும். அங்கே ஒரு நொதி பீட்டா கரோட்டினை நடுவில் வெட்டி வைட்டமின் ஏ ஆக்குகிறது. உடம்பில் வைட்டமின் ஏ போதுமான அளவு இருந்தால் இந்த வெட்டும் வேலை தானாகவே குறைந்துவிடும். அதனால்தான் காய்கறியால் வைட்டமின் ஏ மிகுந்து நஞ்சாகும் பயம் இல்லை. எண்ணெய் துளியும் இல்லாத பச்சைக் கேரட் துருவல், வேறு கொழுப்பில்லாத வேளையில் தனியாகச் சாப்பிடப்பட்டால், பெரும்பகுதி வந்த வழியே போய்விடும்.

எவ்வளவு கொழுப்பு வேண்டும்? ஒரு வேளைக்கு 3 முதல் 5 கிராம் போதும். ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஏறக்குறைய 5 கிராம். முற்றிய தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு என்பதால் இரண்டு டேபிள்ஸ்பூன் துருவலும் அதே வேலையைச் செய்யும். ஒரு முட்டையின் மஞ்சள் கரு இன்னும் நல்லது. சத்துணவில் முட்டையும் கீரையும் ஒரே தட்டில் விழும் நாள் பிள்ளைகளுக்கு லாபமான நாள். எந்த எண்ணெய் என்பது இங்கே பெரிய கேள்வி அல்ல, ரேஷன் பாமாயிலும் சுமந்துகொண்டு போகும். இதில் ஒரு வேடிக்கை: எண்ணெய்ப்பனையின் பழத்திலிருந்து முதலில் பிழியும் எண்ணெய் கரோட்டின் நிறைந்து ரத்தச் சிவப்பாக இருக்கும். நிறம் நீக்கிச் சுத்திகரிக்கும்போது அத்தனையும் போய், வெளிர் மஞ்சளாக நம் கைக்கு வருகிறது.

தேங்காய்ப்பூ தூவிய பொரியல்தான் நம் வீட்டுச் சமையலில் இதற்குச் சரியான வடிவம். நான்கு பேருக்கு ஆய்ந்த முருங்கைக்கீரை 200 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். கொத்தாக இருக்கும்போதே அலசிவிட்டு உருவுவது நல்லது. இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்து, பத்துச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள் சேர்த்து வதக்கிக் கீரையைப் போட வேண்டும். கால் டம்ளர் தண்ணீர் தெளித்து, மூடி, மிதமான தீயில் ஆறேழு நிமிடம். இறக்கும்போது நாலைந்து டேபிள்ஸ்பூன் தேங்காய்த்துருவல். எலுமிச்சை பிழிவதானால் தட்டில் பிழியுங்கள், அடுப்பில் பிழிந்தால் கீரை பழுப்பாகிவிடும். வெங்காயமும் மஞ்சளும் எலுமிச்சையும் சுவைக்கு மட்டும் அல்ல. குடலில் நடக்கும் செரிமானத்தை ஆய்வகத்தில் நடத்திப் பார்த்த மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவன (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) ஆய்வாளர்கள், இவை மூன்றும் பல காய், கீரைகளில் பீட்டா கரோட்டின் கிடைக்கும் அளவைக் கூட்டுவதோடு வேகும்போது ஏற்படும் இழப்பையும் குறைப்பதாக 2008-இல் எழுதினார்கள்.

மூடி போட்டால் கீரை நிறம் மங்குகிறதே என்பார்கள். மங்குவது பச்சையம்தான், கரோட்டின் அல்ல. கரோட்டினின் எதிரிகள் காற்று, வெளிச்சம், நீண்ட நேரச் சூடு. அரை மணி நேரம் திறந்து வைத்துக் கொதிக்க விடுவதும், மறுநாள் மறுபடி மறுபடி சுடவைப்பதும்தான் இழப்பு. பச்சை நிறத்துக்காக ஆப்ப சோடா போடுவது வேறு வகைத் தவறு. சோடா கரோட்டினை அவ்வளவாகத் தொடாது, ஆனால் வைட்டமின் சி-யையும் பி1-ஐயும் தீர்த்துக்கட்டிவிடும்.

முருங்கைப் பொடி இப்போது கடைதோறும் தொங்குகிறது. வெயிலில் காயவைத்த பொடியில் கரோட்டின் பெருமளவு போயிருக்கும். நிழலில், காற்றோட்டமான அறையில், துணிமேல் மெல்லிசாகப் பரப்பி, கையில் நொறுங்கும்வரை இரண்டு மூன்று நாள் உலர்த்த வேண்டும். பிறகு காற்றுப் புகாத, வெளிச்சம் படாத டப்பா. கண்ணாடி பாட்டிலை ஜன்னலோரம் வைத்தால் என்ன ஆகும் என்று மிளகாய்த்தூளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். வெளிச்சம் படும் பக்கம் வெளுத்துவிடும். மிளகாயின் சிவப்பும் ஒரு கரோட்டினாய்டுதான். முருங்கைப் பொடி பச்சை மங்கி வைக்கோல் நிறமானால் வாங்காதீர்கள். வீட்டில் அரைப்பதானால் ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு. 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் உணவிலிருந்து கிடைத்தால் 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ என்று கொள்வது கறாரான கணக்கு. அதன்படி 50 கிராம் முருங்கைக்கீரையில், அதாவது மேலே சொன்ன பொரியலில் ஒருவர் பங்கில், 700 மைக்ரோகிராமுக்கு மேல் வைட்டமின் ஏ வருகிறது. சமையலில் கால்வாசி போனாலும் 500 நிற்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரைப்படி பெண்களுக்கு ஒரு நாளைக்கு 840 மைக்ரோகிராம், ஆண்களுக்கு 1,000. திருச்சி மாவட்டத்தில் 15,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 1990-இல் வெளிவந்த ஆய்வை இங்கே நினைவுபடுத்த வேண்டும். வாரம் 2,500 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ கொடுத்ததில் குழந்தை இறப்பு பாதிக்கு மேல் குறைந்தது. உணவிலிருந்தே பெறக்கூடிய அளவு என்று ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள். அதற்காக, ஒன்பதாம் மாதத்தில் 1 லட்சம் யூனிட்டும், பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட்டுமாகக் கொடுக்கிற வைட்டமின் ஏ திரவத்தைத் தவறவிட்டுவிட்டுக் கீரை போதும் என்று இருந்துவிடக் கூடாது. வயிற்றில் பூச்சி இருந்தால் கீரை கொடுத்தும் பலன் குறையும், குடற்புழு மாத்திரையும் சேர்த்தே கணக்கு.

எல்லாக் கரோட்டினாய்டும் வைட்டமின் ஏ ஆவதில்லை. தக்காளி, தர்பூசணி, சிவப்புக் கொய்யாவில் உள்ள லைகோபீன் ஆகாது. எண்ணெயில் சுண்டச் சுண்ட அது உடம்பில் ஏறும் அளவு கூடும் என்பதால் சமைக்காத தக்காளியைவிடத் தொக்கு மேல். கீரையிலும் மக்காச்சோளத்திலும் உள்ள லூட்டீனும் வைட்டமின் ஏ ஆகாது, ஆனால் விழித்திரையின் நடுப்பகுதியில் போய்ச் சேர்கிறது. கோழித் தீவனத்தில் செண்டுமல்லிச் சாறு கலந்தால் மஞ்சள் கரு அடர்நிறமாவது இந்த லூட்டீனால்தான். அடர்நிறக் கருவில் வைட்டமின் ஏ அதிகம் என்று காசு கூடக் கொடுக்க வேண்டியதில்லை, முட்டையிலுள்ள வைட்டமின் ஏ-வுக்கு அப்படி நிறம் கிடையாது. கேரட் சாறு குடித்தால் கண்ணாடி பவர் குறையும் என்பதும் வெறும் பேச்சு. மாலைக்கண் வைட்டமின் ஏ குறைவால் வருவது, கிட்டப்பார்வை விழியின் அமைப்பால் வருவது.

கட்டுரையில் ஒரு வரியில் கடந்துபோன பீட்டா கரோட்டின் மாத்திரை விஷயத்தில் எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த சோதனையில், தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. முடிவு வந்த ஆண்டு 1994. இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்காவில் அதேபோன்ற சோதனை பாதியிலேயே நிறுத்தப்பட்டது. புகைபிடிப்பவர்கள், அண்மையில் விட்டவர்கள் இந்த மாத்திரையின் பக்கமே போகக் கூடாது. கீரைக்கும் கேரட்டுக்கும் இந்தத் தடை இல்லை.

கைக்குழந்தைக்குத் தினமும் கேரட்டும் மஞ்சள் பூசணியும் மசித்துக் கொடுத்தால் உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கு நுனி மஞ்சளாகும். காமாலை என்று பயந்து ஓடுவதற்கு முன் கண்ணைப் பாருங்கள். காமாலையில் கண்ணின் வெள்ளை மஞ்சளாகும், இதில் ஆகாது. கேரட்டைக் குறைத்தால் சில வாரங்களில் தானே சரியாகும். கண் வெள்ளை மஞ்சளித்தால் தாமதமின்றி மருத்துவமனை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியத்துக்காக மருத்துவரைக் கேட்டே கீரை சாப்பிட வேண்டும்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தச் செய்முறைக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். கேரட் துருவல் ஒரு கப்புக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தாளித்து இரண்டு நிமிடம் வதக்கி, இரண்டு டேபிள்ஸ்பூன் தேங்காய்த்துருவலும் அரை மூடி எலுமிச்சைச் சாறும் சேர்க்கவும். பெயரிலிருந்து 'எண்ணெயில்லா' என்பதை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஊட்டச்சத்தியல் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை