பாலிப் என்றதுமே கத்தி வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலத்தோடு ரத்தம் வந்தால் மூலம்தான் என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு களிம்பைத் தடவிக்கொண்டு இருந்துவிடுகிறோம். நானும் ஏழெட்டு மாதம் அப்படித்தான் ஓட்டினேன். அப்புறம் கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திக் குடலைப் பார்க்கும் சோதனை) செய்தபோதுதான் மலக்குடலில் பாலிப், அதாவது உட்சவ்வில் முளைத்த சதை வளர்ச்சி இருப்பது தெரிந்தது. வீட்டில் அன்றைக்கே ஆபரேஷன், புற்றுநோய் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்!

பெரும்பாலான பாலிப்புகளுக்கு வயிற்றைத் திறக்க வேண்டியதே இல்லை. அதே குழாய் வழியாகக் கம்பிச் சுருக்கு போட்டு அறுத்து எடுத்துவிடுகிறார்கள், எனக்கும் அப்படித்தான், அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டேன். 2 செ.மீ.க்கு மேல் தட்டையாகப் படர்ந்திருந்தால்கூட, தேர்ந்த மருத்துவர் சவ்வுக்கு அடியில் திரவம் செலுத்தி அதைத் தூக்கிக்கொண்டு அந்தக் குழாய் வழியாகவே எடுக்கப் பார்ப்பார். அது சரிவராதபோதுதான் அறுவை சிகிச்சை, அதுவும் மலக்குடல் என்பதால் பல நேரம் ஆசனவாய் வழியாகவே முடிந்துவிடும். புற்றணுக்கள் ஆழமாக இறங்கியிருப்பதாகப் பயாப்சி (எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) சொன்னால் கதையே வேறு, குடலின் ஒரு பகுதியையும் பக்கத்து நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்க நேரலாம். பரம்பரையாக நூற்றுக்கணக்கில் பாலிப் முளைக்கிறவர்களுக்குப் பெருங்குடலையே அகற்ற வேண்டிவரும்.

என் வருத்தம், பயாப்சி அறிக்கையில் இருந்த 'அடினோமா' என்ற சொல்லை யாரும் எனக்கு விளக்கவில்லை என்பதுதான். அது புற்றுநோய் அல்ல, ஆனால் விட்டுவைத்தால் பல ஆண்டுகளில் அப்படி மாறக்கூடும், அதனால் எடுத்த பிறகும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபரிசோதனை தேவை. உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதைப் படத்தோடு ஒருமுறை எழுதுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்