பாக எண்ணை உதிரிபாகத்தின் மேலேயே பொறியுங்கள்

துப்பாக்கி உதிரிபாகங்கள் தயாரிப்பவர்களுக்கு,

வணக்கம். நான் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவன். நீங்கள் அனுப்பும் சின்னப் பின்கள், ஸ்பிரிங்குகள் எல்லாமே பாக எண் ஒட்டிய பையில்தான் வருகின்றன. பையைக் கிழித்ததும் எண் குப்பைக்குப் போய்விடுகிறது.

அண்மையில் இரண்டு 1911 பிஸ்டல்களுக்கு ரீகாயில் ஸ்பிரிங் வாங்கினேன்; சுட்டதும் பின்னால் ஓடும் மேல்பாகமான ஸ்லைடை மறுபடி முன்னே தள்ளுவது அதுதான். ஒன்று வழக்கமான 16 பவுண்டு விசை, மற்றது 18. இரண்டு பைகளையும் ஒன்றாகப் பிரித்தது என் தப்புதான். ஆனால் மேசையில் கிடந்த இரண்டும் அச்சு அசல் ஒன்றாகவே இருந்தன. மாற்றிப் போட்டிருந்தால் ஒன்றில் ஸ்லைடு பின்னால் போய் ஓங்கி மோதும், இன்னொன்றில் காலித் தோட்டா சரியாக வெளியே விழாது. கடைசியில் தராசில் வைத்து அழுத்திப் பார்த்துத்தான் பிரித்தேன்.

பாகத்தின் மேலேயே எண் பொறிப்பது முடியாத காரியமில்லை. லூகர் பி08 பிஸ்டலின் சின்னச் சின்னப் பாகங்களில்கூட வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைக் குத்தியிருக்கிறார்கள். லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிளில், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் போல்ட்டின் தலையில் 0 முதல் 3 வரை ஓர் எண் இருக்கும். எண் கூடினால் தலையின் நீளமும் கூடும். தோட்டாவுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதே அதைப் பொறுத்ததுதான். பல ஷாட்கன்களில், குண்டுகள் பரவுவதைக் கட்டுப்படுத்தக் குழல் முனையில் திருகும் சோக் குழாயின் விளிம்பில் வெட்டுகள் உண்டு: ஒரு வெட்டு என்றால் ஃபுல் (மிகக் குறுகல்), ஐந்து என்றால் சிலிண்டர் (குறுகலே இல்லை). நகத்தால் தடவினாலே போதும், படிக்கவே வேண்டாம். இதை யோசித்தவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் எல்லாவற்றிலும் உளி வைத்துக் குத்திவிடாதீர்கள். ஸ்பிரிங்கில் ஒரு கீறல் விழுந்தாலும் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். அதற்குக் கடைசிச் சுற்றில் எண்ணெய்க்கும் கரைப்பானுக்கும் கரையாத ஒரு பொட்டு பெயிண்ட் போதும். எந்த நிறம் எத்தனை பவுண்டு என்பதை மட்டும் நீங்கள் எல்லோரும் கூடிப் பேசி ஒரே மாதிரி வையுங்கள். இப்போது ஆளுக்கொரு நிறம்.

உளியால் குத்துவதென்றால் எஃகைச் சூடாக்கிக் கடினப்படுத்தும் முன்பே குத்த வேண்டும். அதன் பிறகென்றால் லேசர் இருக்கிறது, மின்சாரமும் ரசாயனக் கரைசலும் கொண்டு அரிக்கும் மின்வேதிப் பொறிப்பு இருக்கிறது. மேலோட்டமாகப் பொறித்தால் மறுபடி மெருகேற்றும்போது அழிந்துபோகும். உராயும் முகத்தில் பொறித்தாலும் அதே கதிதான்.

அப்புறம், என் மேசையில் எண் இல்லாத பின்கள் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன. வேண்டுமானால் அனுப்புகிறேன். எது உங்களுடையது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழுது மேசையிலிருந்து ஒருவன்