ஆத்தங்கரை ஊர் வியாபாரிகள் சங்கத்து அண்ணாச்சிமாருக்கு, பத்தமடை பாய்க்கடையில இருந்து ஒரு மடல்

சங்கத்துல பொறுப்புல இருக்கிற அண்ணாச்சிமாருக்கும், கடை நடத்துற ஆச்சிமாருக்கும், எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். பாபநாசத்துல இருந்து நெல்லை ஜங்ஷன் வரைக்கும் தாமிரபரணி ஆத்தங்கரையில எத்தன பஜார் இருக்கோ அத்தன பஜார் சங்கத்துக்கும் சேத்துத்தான் எழுதுதேன். நான் பத்தமடை பாய்க்கடைக்காரர் மக. கடைய இப்ப வாப்பாவும் நானும் சேந்து பாக்கோம்.

நம்ம கடைகள் கூகுள் மேப்புல யாரு யாரு கையிலயோ கெடக்கு. ஷட்டர் சாவிய ராத்திரி மறக்காம எடுத்துட்டுப் போற நாம, கடைய தேடி வாறவன் மொதல்ல பாக்குற அந்த போன் ஸ்க்ரீன் சாவி யாருகிட்ட இருக்குன்னு கேட்டதே இல்ல. எங்க கடையில இதுனால ஒரு தை மாசமே போச்சு, அத சொன்னாத்தான் நான் எதுக்கு இவ்வளவு பெருசா எழுதுதேன்னு புரியும்.

2018-ல எங்க தெருப் பையன் ஒருத்தன், காலேஜ் படிச்சிட்டு இருந்தவன், தங்கமான பையன், "மாமா உங்க கடைய கூகுள் மேப்புல ஏத்தி விடுதேன்"னு சொல்லி அவனோட ஜிமெயில வச்சே ஏத்திட்டான். வாப்பா டீ வாங்கிக் குடுத்தாவ, அதோட அத எல்லாரும் மறந்தாச்சு. அவன் வச்ச புள்ளி கன்னடியன் கால்வாய்க்கு அக்கரையில போயி விழுந்திருக்கு. வெளியூர்ல இருந்து வாறவங்க அங்கன காரை நிப்பாட்டிட்டு, இங்கதான காட்டுது, கடையக் காணோமேன்னு டீக்கடையில விசாரிச்சு, பாலத்தச் சுத்தி வருவாவ. போட்டிருந்த போன் நம்பரும் வாப்பா எப்பவோ விட்ட பழைய சிம்மு, அதுல கூப்பிட்டா கோவில்பட்டியில யாரோ ஒரு அம்மா எடுத்து எனக்கு பாய் எல்லாம் தெரியாதும்பாவளாம். இத எல்லாம் நாங்க சின்ன விஷயம்னு விட்டுட்டோம், தப்பு எங்க மேலதான்.

அப்பறம் 2023 டிசம்பர் 17, 18. மார்கழி பொறந்த அன்னைக்கே பெய்ஞ்ச மழை, யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்ல, ஆறு ஊருக்குள்ள வந்து ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே முங்கிக் கெடந்துச்சு. எங்க கடையில பாய் நெய்யிற கோரைப் புல்லு நனைஞ்சு போச்சு, மூணு வாரம் பூட்டிக் கெடந்துச்சு. கோரைய காய வைக்கவும் புதுசு வாங்கவும் அலைஞ்சோம், மேப்ப யாரு நெனச்சா. உங்கள்ல பாதிப் பேருக்கு தெரியும், தை கல்யாணத்துக்கு மார்கழியிலயே ஆர்டர் வந்துரும், ஏன்னா பொண்ணு மாப்ள பேரையும் தேதியையும் பாய்லயே போட்டு நெய்யணும், சன்னப் பாய்னா இன்னும் நாள் புடிக்கும். அந்த வருஷம் கடை தொறந்து உக்காந்திருக்கோம், ஆர்டரே வரல. வாப்பா சாயந்தரமானா வாசல்லயே நிப்பாவ. பிளாஸ்டிக் பாய் வந்து நம்ம தொழில முடிச்சிட்டு போலன்னு ஒரு நாள் உம்மாகிட்ட சொன்னத நான் கேட்டேன், அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே இல்ல.

மாசி கடைசியில மதுரையில இருந்து ஒரு அக்கா நேரா கடைக்கு வந்தாவ, அவங்க அம்மா கல்யாணத்துக்கு எங்க தாத்தாகிட்ட பாய் வாங்கினவங்களாம். வந்ததும் மொத வார்த்தையே "கடைய மூடிட்டீங்கன்னுல்ல போட்டிருக்கு, சும்மா ஒரு நம்பிக்கையில வந்தேன்"னு சொல்லி போன காட்டுனாவ. எங்க கடை பேருக்குக் கீழ செவப்பு எழுத்துல, நிரந்தரமாக மூடப்பட்டது.

அத யாரு போட்டாவன்னு தெரியாது. கெட்ட எண்ணத்துல போட்டிருப்பாவன்னு நான் நெனைக்கல. பூட்டிக் கெடந்த கடையப் பாத்துட்டு யாரோ தட்டிருக்கணும். மேப்புல யாரு வேணும்னாலும் திருத்தம் சொல்லலாம், அப்படி சனங்க சொல்லிச் சொல்லித்தான் நம்ம பக்கத்து சின்னச் சின்னத் தெரு கூட அதுல வந்துச்சு. ஆனா கடைக்கு ஓனர்னு ஒருத்தர் கணக்கு எடுத்து வச்சிருந்தா, இந்த மாதிரி மாத்தம் வரும்போது அவருக்குத் தகவல் வரும், அவரு உள்ள போயி சரி பண்ணிறலாம். அது மட்டுமில்ல, தற்காலிகமாக மூடப்பட்டதுன்னு தனியா ஒரு பட்டனே இருக்கு, மழையில பூட்டுன அன்னைக்கே நாங்க அத அமுக்கியிருந்தா கதையே வேற. எங்களுக்கு வந்த தகவல் எல்லாம் வெளிநாட்டுல இருக்கிற அந்தப் பையனோட பழைய ஜிமெயிலுக்குப் போயிருக்கு. அவனுக்கு அதோட பாஸ்வேர்டே மறந்து போச்சு. போன்ல அழுதுட்டான் பாவம்.

திரும்ப வாங்குன கதையையும் சொல்லுதேன், நெறைய பேருக்கு இதே நெலமதான். நம்ம கடையத் தேடி எடுத்து, இது என்னோட பிசினஸ்னு கேட்டா, ஏற்கனவே வேற ஒரு கணக்குல இருக்குன்னு சொல்லும். அங்கனயே அனுமதி கேக்க ஒரு வழி இருக்கு. கேட்டா பழைய ஓனருக்கு மெயில் போகும், அவரு சில நாளைக்குள்ள பதில் சொல்லலன்னா நாம வெரிஃபிகேஷன் பண்ணி எடுத்துக்கலாம்னு வரலாம். எங்களுக்கு வீடியோ வெரிஃபிகேஷன் கேட்டுச்சு. வெட்டாம ஒட்டாம ஒரே வீடியோ, தெரு தெரியணும், போர்டு தெரியணும், உள்ள சரக்கு தெரியணும், நாமதான் கடைய நடத்துதோம்னு காட்டணும். வாப்பா சாவியப் போட்டு ஷட்டரத் தூக்குனாவ, நான் பின்னாலயே போன புடிச்சுக்கிட்டு போனேன். மொத தடவ ஒத்துக்கல. ஏன்னு பாத்தா மேப்புல பையன் வச்ச பேரு ஒண்ணு, எங்க போர்டுல இருக்கிற பேரு வேற. அவன் கடை பேரோட பெஸ்ட்டு, நம்பர் ஒன்னு, திருநெல்வேலின்னு நாலஞ்சு வார்த்தைய ஒட்டி வச்சிருந்தான். அத எடுத்துட்டு, போர்டுல இருக்கிற பேர மட்டும் போட்டு, மறுபடி வீடியோ அனுப்புனோம், ரெண்டு மூணு நாள்ல வந்துட்டு. இதுக்கு ஒத்த ரூவா செலவில்ல.

அந்த ஒத்த ரூவா செலவில்லங்கிறத மட்டும் அண்ணாச்சிமாரு கொஞ்சம் சத்தமா சங்கத்துல சொல்லணும். ஏன்னா இப்ப பஜாருக்குள்ள வாரத்துக்கு ரெண்டு போன் வருது, "உங்க கடை லிஸ்டிங் இன்னைக்கு ராத்திரியோட எடுத்துருவாங்க, இத்தன ஆயிரம் கட்டுங்க, மொத எடத்துல கொண்டு வாறோம்"னு. மேப்புல கடை இருக்கறதுக்கு துட்டு கிடையாது. மொத எடத்துக்கும் துட்டு கட்டி வர முடியாது, விளம்பரம் குடுத்தா அது விளம்பரம்னு தனியாத்தான் காட்டும். தேடுறவன் கேட்டதுக்கும் நம்ம கடைக்கும் பொருத்தம் இருக்கா, அவன் நிக்கிற எடத்துல இருந்து எவ்வளவு தூரம், கடை எவ்வளவு பேருக்குத் தெரிஞ்ச கடை, இந்த மூணத்தான் பாக்குதுன்னு கூகுளே சொல்லுது. குத்தாலத்துல நின்னு பாய்க்கடைன்னு தேடுறவனுக்கு அங்கன பக்கத்துல இருக்கிற கடை முன்னால வாறது நியாயந்தான். போன்ல கேக்குறவன்கிட்ட ஓ.டி.பி. சொல்லாதிய, அந்த நம்பரச் சொன்னா கடைய அவன் கணக்குல ஏத்திருவான். துட்டு போச்சுன்னா உடனே சைபர் கிரைம் உதவி நம்பர் 1930-க்கு அடிங்க, மறுநாள் பாத்துக்கலாம்னு இருக்காதிய.

இன்னொண்ணு சொன்னா சில அண்ணாச்சிமாருக்கு கோவம் வரும், இருந்தாலும் சொல்லுதேன். அஞ்சு ஸ்டாரு போட்டா பத்து பெர்சென்ட் தள்ளுபடின்னு சில கடையில ஒட்டி வச்சிருக்காவ. அது கூகுள் ரூலுக்கு விரோதம், தெரிஞ்சா அந்த ரிவியூவ எடுத்துருவாங்க, அது கெடக்கட்டும், அத விட நம்ம பக்கத்து வியாபாரம் நாணயத்துல வளந்த வியாபாரம். சாப்பிட்டுட்டு நல்லா இருந்துச்சுன்னு தானா சொல்லுறவன் சொல்லட்டும். திட்டி எழுதுனா பொறுமையா பதில் போடுங்க. எங்களுக்கு ஒருத்தர் ஒத்த ஸ்டார் போட்டாரு, தொறந்திருக்குன்னு காட்டுது, வந்தா பூட்டிருக்குன்னு. வந்தது வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரம். அவரு சொன்னது சரிதான. மன்னிப்பு கேட்டு பதில் எழுதிட்டு, வெள்ளிக்கிழமைக்கு மட்டும் காலையில ஒரு நேரம், ரெண்டு மணிக்கு மேல ஒரு நேரம்னு பிரிச்சுப் போட்டேன், அதுக்கு வழி இருக்கு. பெருநாள், தீபாவளி, நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கெல்லாம் அந்த ஒரு நாளுக்கு மட்டும் தனி நேரம் போடலாம். டவுன்ல ரத வீதியில கடை வச்சிருக்கிறவங்க தேரோட்டத்தன்னைக்கு இத கண்டிப்பா பாக்கணும், பார்க்கிங் இல்லாம சுத்தி வாறவன் பூட்டுன கடை வாசல்ல வந்து நின்னா அவன் சாபம் நமக்குத்தான்.

ஆச்சிமாருக்கும் அக்காமாருக்கும் தனியா ஒரு வார்த்த. எங்க ஊர்ல பாய் நெய்யிறதுல முக்காவாசி வீட்டுக்குள்ள இருக்கிற பொம்பளைங்க, கல்லிடைக்குறிச்சியில வீட்டுல இருந்து அப்பளம் போடுறவங்களும் அப்படித்தான். வீட்டு அட்ரஸ ஊருக்கே காட்டணுமேன்னு பயந்து நீங்க பதியாம இருக்கிய. அட்ரஸ மறச்சு வச்சுட்டு எந்தெந்த ஊருக்குப் போயி குடுப்போம்னு மட்டும் போடலாம். ஆனா ஆளையே பாக்காம பார்சல் மட்டும் அனுப்புற தொழிலுக்கு இதுல எடமில்ல, அது அவங்க ரூல், பொய் சொல்லிப் பதிஞ்சா பின்னால தூக்கிருவாங்க.

பழைய பேர்ல குழம்பி நிக்கிறவங்களும் இருக்காவ. கூகுள்ல கடைய பதியிற இந்த வசதி, மை பிசினஸ்னு 2014-ல வந்தது, 2021-ல பிசினஸ் ப்ரொஃபைல்னு பேரு மாறிட்டு, தனி ஆப்பும் மறு வருஷம் போயிட்டு. இப்ப நம்ம ஜிமெயில்ல இருந்துக்கிட்டு கூகுள்ல கடை பேர அடிச்சா அங்கனயே திருத்தலாம். அதுல இருந்து சும்மா கெடச்ச வெப்சைட்டையும் 2024 மார்ச்சுல நிப்பாட்டிட்டாங்க, விசிட்டிங் கார்டுல அந்த லிங்க்க அடிச்சு வச்சிருக்கிறவங்க கார்ட மாத்துங்க. பாவூர்சத்திரம், சுரண்டை பக்கத்து கடைக்காரங்க அட்ரஸ ஒருக்கா பாருங்க, தென்காசி தனி மாவட்டமா ஆகி 2019 நவம்பரோட எத்தன வருஷமாச்சு, இன்னும் திருநெல்வேலி மாவட்டம்னே கெடக்கு. எங்க ஊர் பேரையே இங்கிலீஷ்ல பத்தமடைன்னும் பட்டமடைன்னும் ரெண்டு விதமா எழுதுதாங்க, நான் கடை விவரத்துல ரெண்டையும் எழுதி வச்சேன், பேருல ஒட்டல.

இப்ப நான் சங்கத்துகிட்ட கேக்குறது இதான். மாசாமாசம் சந்தா பிரிக்கிற அன்னைக்கு சாயந்தரம் சங்கத்துல ஒரு மேசையும் ரெண்டு நாற்காலியும் போடுங்க. ஊருக்கு ஊரு காலேஜ் புள்ளைய இருக்கு, ரெண்டு பேரக் கூப்பிட்டு உக்கார வைங்க. ஆனா அந்தப் புள்ளைய ஜிமெயில்ல பண்ணாதிய, முதலாளி பேர்ல புது ஜிமெயில் போட்டு, பாஸ்வேர்ட கணக்கு நோட்டுல எழுதி வச்சு, புள்ளைய மேனேஜரா மட்டும் சேருங்க. மேனேஜர் எல்லாத்தையும் திருத்தலாம், ஆனா ஓனர வெளிய தள்ள முடியாது. வேலைய விட்டுப் போனா அவங்க பேர எடுத்துறலாம். கடைப் பையன், மருமகன், சொந்தக்காரன் யாரா இருந்தாலும் இதேதான், சந்தேகப்படுறதுக்காகச் சொல்லல, எங்க தெருப் பையன் மாதிரி ஒருத்தன் பின்னால குத்தவாளி மாதிரி போன்ல அழக்கூடாதுன்னு சொல்லுதேன்.

அடுத்த மழைக்கு முன்னால, ஐப்பசிக்குள்ள, ஒவ்வொரு பஜார்லயும் ஒரு தடவையாவது இந்த வேல நடந்துறணும். பத்தமடையில நான் ஆரம்பிச்சிட்டேன், இது வரைக்கும் பதினோரு கடை, அதுல நாலு கடை அவங்க கையில இல்லாம இருந்துச்சு, மூணு திரும்ப வந்துட்டு. ஒரு தையல் கடை இன்னும் வரல, பழைய ஓனர் யாருன்னே தெரியல, மறுபடி கேட்டு வச்சிருக்கோம். சேரன்மகாதேவிக்கோ வீரவநல்லூருக்கோ அம்பைக்கோ கூப்பிட்டா சனிக்கிழமை சாயந்தரம் அஸர் தொழுகைக்கு அப்பறம் நானே வாரேன். வாறவங்க போனும் சார்ஜரும் கடைச் சாவியும் கொண்டு வந்தா போதும்.

இப்படிக்கு,
பாய்க்கடைக்காரர் மக,
பத்தமடை