அடைப்பில்லாமலும் இதயம் தளரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருமி இரத்தத்தில் கலந்தால் இதயக் குழாய் அடைபட்டு மாரடைப்பு வரும் என்று தங்கள் மருத்துவப் பக்கத்தில் வாசித்தேன். அப்படியும் நேர்வதுண்டு. ஆனால் அடைப்பே இல்லாமல் இதயத் தசை தளர்ந்துபோவதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

இங்கே டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கும் என் பெரியம்மா 71 வயதான சர்க்கரை நோயாளி. அண்மையில் அவருக்கு நீர்க்கடுப்போடு, கட்டிலே ஆடும் அளவுக்குக் குளிர்நடுக்கமும் கண்டது. முதலில் பார்த்த இடத்தில் காய்ச்சல் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பேச்சு குழறியது. கை அனலாய்ச் சுட்டபோதும் இரத்த அழுத்தம் 80-க்கு இறங்கியிருந்தது. இதயத் தசை பாதிக்கப்பட்டால் கசியும் டிரோபோனின் என்னும் புரதம் இரத்தத்தில் உயர்ந்திருப்பதாகப் பெரிய மருத்துவமனையில் சொன்னதும், மாரடைப்பு என்றே முடிவுகட்டி உறவினருக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லிவிட்டோம். எக்கோ என்னும் இதய ஒலியலைப் படத்திலோ இடது கீழறை விரிந்திருந்தது; ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் இருக்கும் இரத்தத்தில் பாதிக்கு மேல் வெளித்தள்ள வேண்டிய அது 30 விழுக்காட்டையே தள்ளிக்கொண்டிருந்தது. பின்னர் எடுத்த ஆஞ்சியோகிராமில் அடைப்பு எதுவும் இல்லை.

சிறுநீர்ப் பாதையில் பெருகும் ஈ.கோலை போன்ற கிருமிகளின் வெளிச்சுவரில் எண்டோடாக்சின் என்னும் நச்சு உண்டு. கிருமி சிதையும்போது அது இரத்தத்தில் கலக்கிறது. அதை உணர்ந்த நோயெதிர்ப்பு அணுக்கள் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1 ஆகிய அழற்சிப் புரதங்களை அளவின்றிச் சுரக்க, அவற்றாலும் அவை தூண்டும் நைட்ரிக் ஆக்சைடாலும் இதயத் தசை இழைகள், சுருக்கத்தைத் தூண்டும் கால்சியத்துக்கு முன்போல் இணங்கிச் சுருங்குவதில்லை. தசை பெரும்பாலும் சாவதில்லை, வலுவைத்தான் இழக்கிறது. இப்படிக் கிருமித் தொற்றால் இரத்த அழுத்தம் சரிந்த நோயாளிகளின் சீரத்தை (இரத்தத்தின் தெளிநீரை) எலியின் இதய அணுக்கள் மேல் விட்டபோது அவற்றின் துடிப்பு தளர்ந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 1985-இல் காட்டினார்கள். பிழைத்தவர்களின் இதயம் 7 முதல் 10 நாளில் தேறிவிடுவதை அதற்கு முந்தைய ஆண்டே அவர்கள் பதிவுசெய்திருந்தார்கள். பெரியம்மாவுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி ஊசியும் சிரைவழித் திரவமும் ஏற்றிப் பத்தாம் நாள் எடுத்த எக்கோவில் வெளித்தள்ளும் அளவு 55 விழுக்காட்டுக்கு வந்திருந்தது.

2015-இல் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் பரவிய தொண்டை அடைப்பானின் (டிப்தீரியா) நச்சு வேலை செய்யும் வழி வேறு. அது இதய அணுவுக்குள் புகுந்து புரதம் உருவாவதையே நிறுத்திவிடுகிறது. உள்ளே புகுந்துவிட்ட நச்சை நச்சுமுறி மருந்தால் முறிக்க இயலாது என்பதால்தான் அம்மருந்தை முதல் நாளிலேயே போடத் துடிக்கிறார்கள்.

ஆகவே அந்தக் கட்டுரைக்குத் திருத்தம் வெளியிடுமாறும், முதியோருக்கு நீர்க்கடுப்போடு நடுக்கமும் பேச்சுத் தடுமாற்றமும் கண்டால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று அதில் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
டர்பன்